அசைவை அடக்காமல் தாங்கும் ஸ்பிளின்ட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு அளவெடுத்துச் செய்யப்படும் ‘டைனமிக்’ ஸ்பிளின்ட்கள் (உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் உறைகள்), இறுக்கு ஆடைகள் ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம் இருப்பதால் நுனிக்காலில் நடக்கிறாள். ஓரிடத்தில் கணுக்கால் அசையாத கெட்டியான ஏ.எஃப்.ஓ. போடச் சொன்னார்கள். வேறோரிடத்தில், அது பழைய முறை, கணுக்காலில் மூட்டு வைத்த ‘டைனமிக்’ வகைதான் நல்லது என்கிறார்கள், விலையும் கூடுதல். எதை வாங்குவது? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: இருவருமே ஸ்பிளின்ட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, உங்கள் மகளின் காலைப் பற்றி எதுவும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. முடிவு காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை பிடிக்கும் ஸ்பிளின்ட்டை ஏ.எஃப்.ஓ. என்கிறோம். 1980-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நான்சி ஹில்ட்டன் என்ற பிசியோதெரபிஸ்ட், ஸ்பிளின்ட் செய்யும் வல்லுநர் ஒருவருடன் சேர்ந்து, பாதத்தைச் சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக்கால் அணைத்துப் பிடிக்கும் ஒரு வகையை உருவாக்கினார். பாதத்தின் வளைவுகளுக்குத் தக்கபடி உள்ளே தாங்கல் கொடுத்து, வெளியே சற்று நெகிழ விடுவது அதன் தன்மை. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘டைனமிக்’ என்று சொல்லும்போது அந்த மெல்லிய வகையையும் குறிக்கிறார்கள், கணுக்காலில் மூட்டு வைத்ததையும் குறிக்கிறார்கள், பின்புறம் வில்போல வளையும் ஒல்லியான பட்டை கொண்டதையும் குறிக்கிறார்கள். கெடுதல் செய்யும் அசைவைத் தடுத்து, பயன்படும் அசைவை விட்டுவைப்பதே இவை மூன்றின் நோக்கமும். ஆகவே, உங்கள் மகளுக்கு எந்த அசைவு கெடுதல் செய்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். இரண்டையும் உங்கள் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லுங்கள். முதலாவது, முழங்காலை நீட்டி வைத்து, பாதம் வெளிப்புறமாகச் சரியாதபடி பிடித்துக்கொண்டு, கணுக்காலை எவ்வளவு தூரம் மேல்நோக்கி மடக்க முடிகிறது என்று பார்ப்பது. முழங்காலை மடக்கினால் எளிதாக வருகிற கணுக்கால், நீட்டும்போது செங்கோணத்துக்குக்கூட வரவில்லையென்றால், கெண்டைக்காலின் மேல்தசை குறுகியிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் மூட்டு வைத்த ஸ்பிளின்ட் போட்டால், நடக்கும்போது முன்னால் சாயும் உடல் எடை கணுக்காலை மடக்கப் பார்க்கும். அங்கே இடமில்லாததால் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து சரியும். வெளியிலிருந்து பார்த்தால் குதிகால் தரையில் படுவதுபோலத் தோன்றும். உள்ளே பாதம் தட்டையாகிக் கொண்டிருக்கும்.

இரண்டாவது, பக்கவாட்டிலிருந்து நடையைப் பார்ப்பது. முழங்கால் எப்போதும் மடங்கியபடி, உட்காரப் போவதுபோல நடக்கும் குழந்தைக்கு மூட்டு வைத்த ஸ்பிளின்ட் பெரும்பாலும் பொருந்தாது. அது கணைக்காலை (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை) மேலும் முன்னே சரியவிட்டு மடக்கத்தைக் கூட்டும். அத்தகைய குழந்தைக்குக் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் கெட்டி வகையோ, முன்புறம் கணைக்காலைத் தாங்கித் தரையின் எதிர்விசையால் முழங்காலை நிமிர்த்தும் வகையோதான் உதவும். மாறாக, கெண்டைக்கால் போதிய நீளமாக இருந்து, அடியெடுத்து வைக்கும்போது முழங்கால் பின்னால் வளைகிற குழந்தைக்கு, பாதம் கீழ்நோக்கி இறங்குவதை மட்டும் தடுக்கும் மூட்டு வகை மிகவும் நல்லது. தரையிலிருந்து எழுவதும் படியேறுவதும் அதில் எளிது.

கணுக்கால் செங்கோணத்துக்கு வரவே இல்லையென்றால், எந்த ஸ்பிளின்ட்டுக்கும் முன்னால் அந்த நீளத்தை மீட்க வேண்டும். சில வாரங்களுக்கு மாவுக்கட்டை அவ்வப்போது மாற்றி மாற்றிப் போட்டுக் கணுக்காலைச் சிறிது சிறிதாக உயர்த்துவது ஒரு வழி. தேவைப்பட்டால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். குறுகிய தசையை ஸ்பிளின்ட்டுக்குள் திணித்து நீட்டலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘கெட்டி என்றால் பழையது’ என்பது விற்பனைப் பேச்சு. வடக்கு வேல்ஸில் பணியாற்றிய எலெய்ன் ஓவன் என்ற பிசியோதெரபிஸ்ட், ஸ்பிளின்ட்டையும் காலணியையும் ஒன்றாக வைத்தே அளக்க வேண்டும் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். காலணியோடு நிற்கும்போது கணைக்கால் செங்குத்திலிருந்து சற்றே, ஏறக்குறைய 10 முதல் 12 டிகிரி வரை, முன்சாய்ந்திருந்தால் நிலை உறுதியாகிறது. குதிகாலுக்கு அடியில் ஒரு சிறு ஆப்பு வைத்தோ, அடித்தளத்தின் முன்பகுதியை உருளும்படி செதுக்கியோ இதைச் சரிசெய்யலாம். இப்படித் திருத்திய கெட்டி ஸ்பிளின்ட்டில் முழங்காலும் இடுப்பும் முன்னைவிட நன்றாக அசைவதைப் பல குழந்தைகளிடம் காணலாம். கூடுதல் விலை கேட்பவரிடம், ‘என் மகளின் எந்த அசைவைத் தடுக்க, எந்த அசைவை விட்டுவைக்க இது?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் அளவு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு ஸ்பிளின்ட்டை இரவும் பகலும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் அழுகிறான், நாங்கள் யாரும் தூங்குவதில்லை. எத்தனை மணி நேரம் போட்டால் போதும்? (ஒரு தந்தை, தூத்துக்குடி)

பதில்: இந்தக் கேள்விக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 1988-இல் பிரான்ஸைச் சேர்ந்த தார்தியூ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் கெண்டைக்கால் ஆழ்தசை ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நீண்ட நிலையில் இருந்தபோது குறுக்கம் வளரவில்லை. 2 மணி நேரம் மட்டுமே நீண்டிருந்த குழந்தைகளுக்கு வளர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். அந்த 6 மணி நேரம் இரவில்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. பள்ளி நேரம் முழுவதும் பொருத்தமான ஸ்பிளின்ட்டோடு நிற்பதும் நடப்பதும் உட்கார்வதும் அந்தக் கணக்கில் சேரும்.

இரவு ஸ்பிளின்ட்டுக்கு உடற்கூறு சார்ந்த ஒரு தடையும் இருக்கிறது. கெண்டைக்காலின் மேல்தசை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. குழந்தை முழங்காலை மடக்கிப் படுத்தால் கணுக்காலை மட்டும் பிடிப்பதால் அந்தத் தசை நீள்வதில்லை. முழங்காலையும் நேராக வைக்கும் உறை வேண்டியிருக்கும். அது தூக்கத்தை மேலும் கெடுக்கும். தூக்கமில்லாத குழந்தை மறுநாள் பள்ளியிலும் பயிற்சியிலும் இழப்பது அதிகம் என்பதே என் கருத்து.

முதலில் அழுகையின் காரணத்தைத் தேடுங்கள். கழற்றியவுடன் குதிகால், கணுக்கால் முட்டுகள், பாதத்தின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். தடவிப் பார்த்தால் அழுந்திய இடம் சூடாகவோ தடித்தோ இருக்கும். அரை மணி நேரத்தில் மறையாத தடம் எதுவானாலும் ஸ்பிளின்ட்டைத் திருத்த வேண்டும். அழுத்தம் எதுவும் இல்லையென்றால், உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் பேசி, ஓர் இரவு வலக்காலுக்கு, மறு இரவு இடக்காலுக்கு என்று மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் ஒத்துழைக்கவில்லையென்றால் பகல் நேரத்தைக் கூட்டிக்கொண்டு இரவை விட்டுவிடுவதில் தவறில்லை.

கேள்வி: பிறந்தபோது மஞ்சள் காமாலை முற்றியதால் பாதிக்கப்பட்ட என் பேத்திக்கு இப்போது ஏழு வயது. புத்திக்கூர்மை உள்ளவள். ஆனால் ஒரு டம்ளரை எடுக்கப் போனால் கையும் உடலும் முறுக்கிக்கொண்டு அலைகின்றன. பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போட்டபோது புண் ஆனது. லைக்ரா ஆடை போட்டால் உடல் நிலைபெறும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் விவரிப்பது அசைவுக் கோளாறு வகையைச் சேர்ந்த மூளை முடக்குவாதம். காமாலையில் மிகையாகச் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள், அசைவுகளைச் சீர்செய்யும் மூளையின் ஆழ்பகுதிகளைத் தாக்குவதால் இது வருகிறது. அறிவுத்திறன் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இந்தக் குழந்தைகளின் தசை இறுக்கம் நிலையானதன்று. ஒரு நொடி தளர்ந்திருக்கும், பேச முயன்றாலோ சிரித்தாலோ முறுக்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கால் அதை எதிர்த்தால், குழந்தையின் உடல் அதன்மேல் ஓயாமல் மோதும். புண் வந்ததில் வியப்பில்லை.

வளைந்துகொடுத்து, பின்னர் மெதுவாகத் திருப்பி இழுக்கும் துணி இங்கே பொருந்தும் என்பதுதான் லைக்ரா ஆடையின் அடிப்படை. உடலை அளந்து, எந்தத் திசையில் இழுவை வேண்டுமோ அந்தத் திசையில் கூடுதல் பட்டைகளை வைத்துத் தைப்பார்கள். தீக்காயத் தழும்புகளுக்குப் போடும் அழுத்த ஆடைகளை உருவாக்கிய அனுபவத்திலிருந்து இது வளர்ந்தது. 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. உடலின் நடுப்பகுதி ஓரளவு நிலைத்தால் கையின் அலைச்சல் குறைகிறது. தோலிலும் தசையிலும் இடைவிடாது கிடைக்கும் அழுத்தம், உறுப்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வைக் கூட்டுவதாகவும் கருதப்படுகிறது.

பலன் உண்டா என்றால், சில குழந்தைகளுக்கு, அணிந்திருக்கும் நேரத்தில், உண்டு. பிரிட்டனில் நடந்து 2001-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், லைக்ரா ஆடை அணிந்த குழந்தைகளின் கை அசைவு சீரானது. ஆனால் உடுத்திவிடுவதும், கழிப்பறைக்குப் போகும்போது கழற்றுவதும் குடும்பங்களுக்குப் பெரும் சுமையாக இருந்தன. ஆடையைக் கழற்றிய பிறகும் முன்னேற்றம் நீடிக்கும் என்பதற்கான சான்று மெலிதாகவே இருக்கிறது. காணொளிகளில் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை.

‘சூட் தெரபி’ என்ற பெயரில் விளம்பரமாவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் உடலைச் சுற்றி ரப்பர் இழுவைகள் கட்டப்பட்டிருக்கும். எடையற்ற விண்வெளியில் தசைகள் தளராமலிருக்கச் சோவியத் விண்வெளி வீரர்கள் அணிந்த உடையிலிருந்து ரஷ்யாவில் உருவான ‘அடேலி’ ஆடை அதன் முன்னோடி. தீவிரப் பயிற்சி முகாம்களில் அதைப் போட்டுவிடுகிறார்கள். இஸ்ரேலில் 24 குழந்தைகளை வைத்து நடந்து 2006-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான தீவிரப் பயிற்சியைவிட அந்த ஆடையோடு செய்த பயிற்சி உடல் இயக்கத் திறனில் மேலானதாகத் தெரியவில்லை. கடன் வாங்கி அதற்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் பேத்திக்கு நான் சொல்லும் வழி இது. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்: டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது, அல்லது படப்பலகையில் தான் சொல்ல நினைப்பதைத் தொட்டுக் காட்டுவது. ஆடை ஏதும் இல்லாமல் அதைச் செய்வதைச் செல்பேசியில் படம் பிடியுங்கள். பிறகு பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில், குழாய் வடிவில் கிடைக்கும் இறுக்குத் துணியையோ, உடலைப் பிடிக்கும் சாதாரண நீச்சல் உடையையோ சில நாட்கள் போட்டு, அதே செயலை மறுபடி படம் பிடியுங்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் அளவெடுத்துத் தைக்கலாம். அப்போதும் முழு ஆடைக்குப் போகாமல், உடலுக்கு ஒரு கைவைக்காத சட்டையோ, கைக்கு ஓர் உறையோ மட்டும் தொடங்குவது நல்லது.

தஞ்சாவூரின் சித்திரை வெயிலில் உடலோடு ஒட்டிய செயற்கை இழை ஆடை எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும், சாப்பிடும் நேரம் எழுதும் நேரம் பார்த்துப் போட்டால் போதும். உணவு எதுக்களிப்பு, மூச்சுத் தொல்லை, வயிற்றில் பொருத்திய உணவூட்டும் குழாய், அடிக்கடி வரும் வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் மார்பையும் வயிற்றையும் இறுக்கும் எதையும் போடக் கூடாது. விரல்கள் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் இருக்கும் சிறுவனுக்குச் சிறிதாகிப்போன ஏ.எஃப்.ஓ.வைத் தருகிறேன் என்கிறார்கள். என் மகளுக்கு நீளம் சரியாகத்தான் இருக்கிறது. போடலாமா? (விருதுநகர்)

பதில்: வேண்டாம். நீளம் ஒத்திருந்தாலும் குதிகாலின் அகலம், பாத வளைவின் இடம், கணுக்கால் நிறுத்தப்பட்ட கோணம் ஆகிய மூன்றும் அந்தச் சிறுவனுக்குரியவை. அந்தச் சிறுவனின் நோயே வேறாகவும் இருக்கலாம். தசைச் சிதைவு நோய் உள்ள சிறுவர்களுக்கு நுனிக்கால் நடையே உடலைத் தாங்கும் உத்தி என்பதால், அவர்கள் நடக்கும் காலத்தில் பகலில் ஏ.எஃப்.ஓ. பொதுவாகத் தரப்படுவதில்லை, இரவுக்கென்று செய்ததை உங்கள் மகள் பகலில் போட்டு நடந்தால் வழுக்கி விழுவாள். வெல்க்ரோ பட்டைகளையும் காலணியையும் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடு இருக்கிறோம். மகன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஸ்பிளின்ட் போட்டால் இதெல்லாம் முடியாது. போட்டே வைத்தால் கால் இன்னும் பலவீனமாகும் என்று மாமியார் சொல்கிறார். எங்கே போடுவது, எங்கே கழற்றுவது? (ஒரு தாய், நாமக்கல்)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கணுக்காலை முழுவதும் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட்டுக்குள் கெண்டைக்கால் தசைக்கு வேலை குறைவு. ஆனால் ஸ்பிளின்ட் இல்லாமல் நுனிக்காலில் நடக்கும்போது அந்தத் தசை குறுகிய நிலையிலேயே வேலை செய்து, மேலும் குறுகிப் போகிறது. அதனால் இரண்டுக்கும் நாளில் இடம் ஒதுக்க வேண்டும்.

நெடுந்தூரம் நடக்கும்போதும், நிற்கும்போதும், பள்ளியில் நாற்காலியில் உட்காரும்போதும் போடுங்கள். தரையில் விளையாடும்போதும், சம்மணமிடும்போதும், மணலிலும் புல்லிலும் நடக்கப் பழகும்போதும், குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள். இந்தியக் கழிப்பறையில் குந்துவதற்குக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கெட்டி ஸ்பிளின்ட்டோடு குந்த முயன்றால் பின்னால் விழுவான். பள்ளியில் அத்தகைய கழிப்பறைதான் இருக்கிறதென்றால், ஸ்பிளின்ட் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். மேல்நாட்டுக் கையேடுகளில் இது இருக்காது.

வீட்டுக்குள் காலணி கூடாது என்ற பழக்கம் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக் அடிப்பகுதி மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வழுக்கும். காலணியின் குதி உயரத்தைக் கணக்கிட்டுச் செய்த ஸ்பிளின்ட், காலணி இல்லாமல் நின்றால் உடலைப் பின்னால் தள்ளும். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி காலணியை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒன்றிரண்டு அளவு பெரியதாக, வாய் அகலமாகத் திறப்பதாகப் பார்த்து, உள்ளிருக்கும் மெத்தை அட்டையை எடுத்துவிட்டால் ஸ்பிளின்ட் நுழையும். செருப்பு உதவாது. உள்ளே முழங்கால் வரை வரும் பருத்திக் காலுறை, தையல் விளிம்பும் மடிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். வியர்க்கும் ஊரில் நடுப்பகலில் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: நடக்காத, தாங்கிப் பிடித்தால் மட்டும் உட்காரும் என் மகனுக்கு இடுப்பு மூட்டு விலகாமலிருக்கக் கால்களை அகட்டி வைக்கும் பெல்ட் போடச் சொல்கிறார்கள். பலன் தருமா? (கோவில்பட்டி)

பதில்: உட்காரும்போது கால்கள் கத்தரிபோலப் பின்னாமல் வைத்திருக்கவும், துணி மாற்றவும், உணவூட்டவும் உதவும். இடுப்பு மூட்டைக் காக்கும் என்று அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் போட்டாக்ஸ் ஊசியையும் இத்தகைய பெல்ட்டையும் சேர்த்துச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு நன்மை இருந்தபோதிலும் மூட்டு விலகிக்கொண்டே போனது.

மூளை முடக்குவாதக் குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997 முதல் இருக்கிறது. உதவியின்றி நடக்கும் முதல் நிலைக் குழந்தைகளுக்கு மூட்டு விலகல் ஏறக்குறைய இல்லை. தலையைத் தாங்கவும் உதவி வேண்டிய ஐந்தாம் நிலையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006-இல் வெளியான கணக்கின்படி, பத்தில் ஒன்பது பேருக்கு அது நேர்கிறது. தொடக்கத்தில் வலியே இருக்காது. ஆகவே பெல்ட் போட்டாலும் போடாவிட்டாலும், உங்கள் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, இடுப்பு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும்.

கேள்வி: ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய வசதியில்லை. அரசு உதவி உண்டா? கையில் வாங்கும் நாளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (ஒரு தந்தை, கடலூர்)

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் இடம்பெற்றிருக்கிறது. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றால், மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் வருமான வரம்புக்கு உட்பட்டு உதவி உபகரணங்கள் கிடைக்கும். ஒரே வகை உபகரணத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது பொது விதி. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது ஓராண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் கால் வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் இந்தச் சலுகை. விண்ணப்பிக்கும்போது இதைச் சுட்டிக்காட்டுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தொடங்கலாம். சென்னை முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் அளவெடுத்துச் செய்யும் பிரிவு இருக்கிறது. முகாம்களில் தயார் அளவில் தருவதைவிட, மாவுக்கட்டு அச்சோ ஸ்கேனோ எடுத்துச் செய்வதையே கேளுங்கள். ஸ்கேன் என்றாலும் பாதத்தைச் சரியான நிலையில் பிடித்திருந்தது யார் என்பதே முக்கியம். கருவி அதைச் செய்யாது.

வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பட்டைகளைக் கட்டியபின் குதிகால் உள்ளே முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அந்த ஸ்பிளின்ட் வேலை செய்யாது. கணுக்காலுக்குக் குறுக்கே வரும் பட்டைதான் குதிகாலை இருத்துவது என்பதால் அதை முதலில் கட்டப் பழகுங்கள். விளிம்புகளை விரலால் தடவிக் கூர்மை இல்லையென உறுதிசெய்யுங்கள். அங்கேயே காலணியோடு அரை மணி நேரம் நடக்கவோ நிற்கவோ விட்டு, கழற்றித் தோலைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீட்டில் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுத் தொடங்கி, ஓரிரு வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள்.

விரல்கள் முன்விளிம்பைத் தாண்டினாலோ, கணைக்கால் பட்டை முழங்கால் மடிப்பிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கினாலோ, பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விட்டாலோ மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பட்டை, மெத்தை, மூட்டு இவற்றில் மட்டும் பழுதென்றால் புதிது தேவையில்லை. செய்த இடத்திலேயே சிறு செலவில் மாற்றிக் கொடுப்பார்கள். அதற்காகச் செய்த தேதியும் செய்தவர் பெயரும் எழுதிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.